கிணற்றுப் பங்கு

"போட்டுட்டியா?" போனில் அம்மாவின் குரல் நடுங்கியது.

"போட்டாச்சும்மா. அவருக்குன்னு தனியா எடுத்துவெச்ச குழம்புல மட்டும்தான்" என்றாள் இசைப்பிரியா. காலேஜ் அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

"ஆளுக்கு பிரஷர் வேற இருக்குதாம்டி. எதனா ஆயிடப்போகுது."

"ஆகட்டும். அப்பா செத்தப்ப அவரு பதறுனாரா? நீ வேலையப் பாரு."

கூடத்தில் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டிருந்தார் சங்கரலிங்கம். அவள் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். பெற்ற பிள்ளைபோல் தடவித் தடவி வளர்த்த மீசை. அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சொந்த ஊரிலிருந்து, குலதெய்வக் கோயில் பொங்கலுக்குப் பங்காளிகளை அழைக்க நெய்வேலி வந்திருந்தார். கூடவே கோயில் பூசாரி. அவர் விரதம், வெளியில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

பெரியப்பனுக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கிணற்றில் பங்கு கேட்ட குற்றத்துக்காகத் தம்பி குருவலிங்கத்தை, பெண்டாட்டி கைக்குழந்தையோடு ஊரைவிட்டே விரட்டிய மகராசன் அல்லவா! அந்தக் கைக்குழந்தைதான் இப்போது இலைக்குச் சோறு எடுத்து வருகிறது.

விரட்டியதோடு விட்டாரா? இதே பூசாரி முன்னால் சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியம் வேறு. "இனி இவன் வாசப்படிய மிதிச்சு, வாயத் தெறந்து தண்ணி கேட்டேன்னா, இந்த மீசைய மழிச்சுட்டு நானே கிணத்துல பங்கு குடுக்குறேன்!"

தம்பி நெய்வேலிக்கு வந்தார். மைன்ஸில் கான்ட்ராக்டில் சேர்ந்து, பெர்மனன்ட் ஆகி, போன வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். "பொணத்த ஊருக்குக் கொண்டாரப்படாது" என்று அப்போதும் சொல்லியனுப்பினார் அண்ணன். அன்றைக்கு அழாமல் நின்ற ஒரே ஆள் இசைப்பிரியாதான்.

அவர் வருகிற சேதி பங்காளி வீடுகள் வழியாகக் காதில் விழுந்திருந்தது. இன்றைக்குக் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு, காலையிலிருந்து பஸ் ஸ்டாப்பிலேயே காத்துக் கிடந்தாள். இறங்கியவர் அவளிடமே வந்து, "ஏத்தா, மைன்ஸ்ல வேல பாக்குற நெடுமாறன் வீடு எது?" என்றார்.

"மாமாவுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டுங்க. உள்ள போன் எடுக்கமாட்டாரு. வெயில்ல நிக்காதீங்க, வாங்க. சாப்பாடு ரெடியா இருக்கு" என்று நெடுமாறன் மனைவிவழிச் சொந்தம்போல அழைத்தாள்.

குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு. ஒரே சுவர், ஒரே கேட். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளே சமயத்தில் தடுமாறும். பெரியவர் இதுதான் நெடுமாறன் வீடு என்று நம்பி, அவள் பின்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஆணியில என்னத்தா, வெறும் பூச்சரம் மட்டும் தொங்குது?"

"தொடைக்கறதுக்காகப் படத்த எடுத்தேங்க" என்றாள். தனியாக வைத்திருந்த கிண்ணத்துக் காரக்குழம்பைச் சோற்றில் தாராளமாக ஊற்றினாள்.

முதல் வாயிலேயே அவர் முகம் கோணியது. ஆனால் பங்காளி வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்வதா? கௌரவம் தடுத்தது. அவசர அவசரமாக அள்ளி விழுங்கினார். மூன்றாவது வாய் முடிவதற்குள் கண் கலங்கியது. புரையேறியது. நெற்றி வேர்த்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டார். இலையோரத்தில் தடவிப் பார்த்தார். டம்ளர் இல்லை.

"ஐயோ, என்னய்யா பண்ணுது?" என்று பூசாரி பதறி எழுந்தார்.

இசைப்பிரியா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். துளி இரக்கம் வரவில்லை. வரட்டுமென்று அவள் நினைக்கவும் இல்லை.

அவர் கையை வாய்க்குக் கொண்டுபோய் ஜாடை காட்டினார்.

"என்ன வேணுங்க? வாயத் தொறந்து சொல்லுங்க."

"த... தண்ணி! தண்ணி குடு தாயி!"

அப்போதுதான் அவள் அசைந்தாள். விளிம்புவரை நிரம்பிய சொம்பை இரண்டு கையாலும் பணிவாக நீட்டினாள். ஒரே மூச்சில் கவிழ்த்தார். மீசை நுனியில் நீர் சொட்டியது.

"யப்பா! குழம்பா இது? உப்பளத்தையே கொட்டி வச்சிருக்க!" என்று மூச்சு வாங்கினார். "அந்த நெடுமாறப்பய வரட்டும், கேக்குறேன்."

இசைப்பிரியா பீரோவுக்குப் பின்னாலிருந்து கண்ணாடி போட்ட படத்தை எடுத்தாள். துப்பட்டாவால் ஒருமுறை துடைத்தாள். ஆணியில் மாட்டி, பூச்சரத்தை நேராக்கினாள்.

பூசாரிதான் முதலில் பார்த்தார். "ஆத்தாடி... நம்ம குருவலிங்கமில்ல?"

சங்கரலிங்கத்தின் எச்சில் கை தானாக மேலுதட்டுக்குப் போனது.

"மீசைய இங்கயே எடுத்துக்கிறீங்களா, இல்ல ஊருக்குப் போயா, பெரியப்பா?"