சட்டைப் பைக்குள் எழுபது கிலோ

தாய்க்காரி காலையிலிருந்து மலையேறித் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வரிசையில் நிற்கிறாள். இருபத்துநாலு வயது மகன் எடை போடும் மடுவத்துத் தூணில் சாய்ந்துகொண்டு சினிமாக் கதை பேசுகிறான்.

கொழுந்து நிறுக்க வந்த கணக்கப்பிள்ளை மரியநாயகத்துக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

"ஏன்டா ரொஷான், அம்மா சாக்கைத் தூக்கி வைக்கிறதுக்குக்கூட உனக்குக் கை வராதா?"

"தூக்குறேன் ஐயா. அதுக்கு முந்தி ஒரு சந்தேகம். நீங்க படிச்சவரு."

மரியநாயகம் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்குத் திறமைச் சித்தி வாங்கியவர். முப்பது வருசத்தில் அதை யாரும் கேட்டதில்லை. பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்.

"கேளு."

"ஒரு படம் ஐயா. ஹீரோ கையில ஒரு மோதிரம். திருகினா ஆள் விரல் நுனி அளவுக்குச் சின்னதாயிருவான். ரவுடியோட சட்டைப் பையில ஏறி உட்கார்ந்து எல்லாத் திட்டத்தையும் ஒட்டுக் கேட்கிறான்."

"பெரிய ஆளா இருக்கிறப்ப எத்தனை கிலோ?"

"எழுபது வச்சுக்குவோம்."

"அப்ப சட்டை கிழிஞ்சிராதா?"

"ஆள்தான் சின்னதாயிட்டானே ஐயா. எடையும் குறையும்தானே?"

"மடையா. பேக்கரியில ஒரு இறாத்தல் பாண் வாங்கி அமுக்கி உருண்டையாக்கு. சின்னதாகும். எடை குறையுமா?"

வரிசையில் நின்ற பெண்கள் காது கொடுத்தார்கள். மரியநாயகத்தின் குரல் தானாக உயர்ந்தது.

"சரி ஐயா, எப்பிடியோ குறைஞ்சிருச்சுன்னே வைங்க. அப்புறம் பைக்குள்ள இருந்து பாய்ஞ்சு ஒரு குத்து விடுறான். ரவுடி சுவத்துல போய் விழுறான்."

"எப்பிடி விழுவான்? எடை குறைஞ்சிருந்தா அந்தக் குத்து கொசு உட்கார்ந்த மாதிரிகூட இருக்காதே." மரியநாயகம் மேசையைத் தட்டினார். "பையில உட்கார்றப்ப எடை இல்ல. குத்துறப்ப எடை இருக்கு. வேணுங்கிறப்ப வச்சுக்கிறது, வேணாங்கிறப்ப விட்டுர்றது. இதுக்குப் பேரு விஞ்ஞானம் இல்லடா. ஏமாத்து வேலை."

"அப்ப எடை எங்கயும் போகாதுங்கிறீங்க?"

"போகாது. தோட்டத்துத் தொரையே வந்து சொன்னாலும் போகாது."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க ஐயா. பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேட்கல."

"எடை எங்கயும் போகாது," என்று முப்பது பேருக்கும் கேட்கச் சொன்னார் மரியநாயகம். மனசு நிறைந்திருந்தது. "சரி, சரி. லொறி நிக்குது. வாங்க."

முதல் ஆள் அற்புதமலர், ரொஷானின் அம்மா. சாக்கிலிருந்த முத்தல் இலையை மரியநாயகம் பொறுக்கி எறிந்த பிறகு, அவள் அதைத் தராசில் வைத்தாள். சிவப்பு எழுத்தில் இருபது புள்ளி ஆறு.

"பதினேழு," என்றார் மரியநாயகம், வழக்கம்போல.

பதினெட்டு கிலோ வந்தால்தான் முழுப்பேர், முழு நாள் கூலி. வராவிட்டால் அரைப்பேர், பாதிக் கூலி. இந்தக் கிழமையில் மட்டும் அவளுக்கு நாலு நாள் அரைப்பேர்.

அற்புதமலர் சாக்கை எடுக்கவில்லை.

"தூக்கு புள்ள."

"தூக்குறேன் ஐயா. மூணரைக் கிலோ எங்க போச்சு?"

"தண்ணிக்குக் கழிச்சது."

"ரெண்டு கிழமையா மடுல்சீமைப் பக்கமே ஒரு சொட்டு மழை இல்லையே."

"முத்தல் இலைக்கு."

"அதை நீங்களே பார்த்துப் பொறுக்கி எறிஞ்சாச்சு. அந்தா கிடக்கு."

"சாக்குக்கு."

"சாக்கு அறுநூறு கிராம். அதைக் கழிங்க, நியாயம். மிச்சம் மூணு கிலோ? லொறியில ஏறுறப்ப இருக்கு, ஃபக்டரியில இறங்குறப்ப இருக்கு. என் பேருக்கு எழுதுறப்ப மட்டும் இல்ல. எடை எங்கயும் போகாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க."

வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். பின்னால் நின்ற ஜெனிற்றா கழுத்தை நீட்டினாள்.

"அந்த மூணு கிலோ யாரு சட்டைப் பையில உட்கார்ந்திருக்குன்னு பாருங்க ஐயா. கிழிஞ்சிரப் போகுது."

மரியநாயகத்துக்கு முகம் சூடேறியது. "தொரைகிட்டச் சொல்லிருவேன்."

"சொல்லுங்க," என்றாள் அற்புதமலர். "மோதிரத்துல இருந்து ஆரம்பிச்சுச் சொல்லுங்க. சாட்சிக்கு நாங்க முப்பது பேரும் வர்றோம்."

லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். ஒருத்தியும் அசையவில்லை. சாக்கு தராசிலேயே இருந்தது. சிவப்பு எழுத்தும் அப்படியே நின்றது.

மறுபடியும் ஹோர்ன்.

மரியநாயகம் காதிலிருந்த பேனாவை எடுத்தார். பதினேழை வெட்டினார். இருபது என்று எழுதினார். அதற்குப் பிறகு வந்த இருபத்தொன்பது சாக்குக்கும் தராசு காட்டியதில் சாக்கை மட்டும்தான் கழித்தார். கழிக்கும்போது ஒருத்தி முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

எல்லாரும் லயத்து வீடுகளுக்கு இறங்கிப் போய்விட்டார்கள். அம்மாவின் கூடையை எடுக்க ரொஷான் திரும்பி வந்தான்.

ஒன்றும் நடக்காத மாதிரி ஏதாவது பேசியாக வேண்டும் என்றிருந்தது மரியநாயகத்துக்கு.

"ஏன்டா, அந்த ஹீரோ கடைசியில மறுபடியும் பெரிய ஆளாகிறானா இல்லையா?"

ரொஷான் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"எனக்கெப்பிடித் தெரியும் ஐயா? படத்தைப் பார்த்தது அம்மா. எடை விசயத்தைக் கண்டுபிடிச்சதும் அம்மாதான். தான் கேட்டா நீங்க வாயே தொறக்க மாட்டீங்க, வெட்டிப் பய ஒருத்தன் கேட்டா வகுப்பே எடுப்பீங்கன்னுதான் என்னைய வேலைக்கு லீவு போட்டு வரச் சொல்லிச்சு."