பழைய பாகம்

பைக் பந்தயத்தில் விழுந்து இடது கையை முழங்கையோடு இழந்தவள் ஜெசிந்தா. ஏழு வருஷம் கழித்து, அன்று தான் ஓட்டிய அதே மாடலைத் தூத்துக்குடியில் தேடிப்பிடித்து வாங்கினாள். கம்பெனி அதன் தயாரிப்பை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது. மெக்கானிக்கான அவள் அண்ணன் மரியதாஸ் ஆறு மாதம் உழைத்து, கிளட்சை வலப்பக்கம் மாற்றி, இடப்பக்கம் அவளுடைய செயற்கைக் கை பொருந்தும்படி ஒரு வளையம் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள். என்ஜின் அசையவில்லை. திரையில் எழுத்து வந்தது: ‘அறியாத பாகம். கம்பெனியின் ஒப்புதல் தேவை.’

மரியதாஸ் கம்பெனிக்குப் போன் போட்டான். மறுமுனைக் குரல் பணிவாகத்தான் பேசியது. “நிறுத்தப்பட்ட மாடல்களுக்கு ஒப்புதல் தருவதில்லை, சார். பழைய பாகத்தையே மாட்டுங்கள், ஓடும்.”

“மாட்டிப் பாருண்ணே,” என்றாள் ஜெசிந்தா.

வளையத்தைக் கழற்றிவிட்டு, பழைய கிளட்சை மறுபடி இடப்பக்கமே மாட்டினான். பட்டனைத் தொட்டதுமே வண்டி உறுமியது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள், ஹெல்மெட்டைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

“நீயாவது ஒரு ரவுண்டு போயிட்டு வா.”

அவன் வாங்கவில்லை. என்ஜினை அணைக்கவும் இருவருக்கும் மனம் வரவில்லை. பெட்ரோல் தீர்ந்து அது தானாக அடங்கும்வரை அங்கேயே நின்றார்கள்.