ஒரு மாத்திரை, மூணு மருந்து

“மணி ஒன்பதாச்சு, எழுந்திருங்க!” மனைவி உலுக்கினாள்.

“தலையைத் தூக்கவே முடியல. ஒரே ஒரு சளி மாத்திரைதான் போட்டேன்.”

அவள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் படித்தாள். “இதுல மூணு மருந்து கலந்திருக்கு. தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாதுன்னு போட்டிருக்கே! பார்க்கலையா?”

“அதையெல்லாம் யாரு படிக்கிறா? கைகண்ட மருந்துன்னு சாம்பிள் கொடுத்த கம்பெனி ஆள் சொன்னார்.”

“நல்லா இருக்கு! கண்ணை மூடிக்கிட்டு இதை எழுதிக் கொடுக்கிற டாக்டரைச் சொல்லணும்.”

அவர் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்து போனை எடுத்தார்.

“அம்மா, டாக்டர் பேசறேன். நேத்து சளின்னு என்கிட்ட வந்தாரே உங்க வீட்டுக்காரர், பஸ் ஓட்டக் கிளம்பிட்டாரா?”

“எங்க கிளம்பினார், டாக்டர்! எழுப்ப எழுப்பக் குறட்டை விடறார். மூஞ்சில தண்ணி தெளிக்கட்டுமா?”

“ஐயோ, எழுப்பாதீங்கம்மா! நல்லா தூங்கட்டும்!” என்ற டாக்டருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.