பெட்ரோல் நின்ற இடம்

"டேங்க்ல பாதிக்கு மேல பெட்ரோல் இருக்கு சார். தனி கேன்ல இருந்து இழுக்கவிட்டுப் பாத்தேன், பம்ப்பும் நல்லாத்தான் இருக்கு. ஃபில்டர்லயும் தூசு இல்ல. ஆனா கார்புரேட்டருக்கு ஒரு சொட்டு வந்து சேரல" என்றார் மெக்கானிக், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

கார்க்காரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பதினொரு மணிக்குக் கப்பல். அதை விட்டால் அவன் கதை முடிந்தது. ஐம்பது வருடத்துக் கார்; பெயிண்ட் என்னவோ நேற்று அடித்ததுபோல மினுங்கியது. இரண்டு தெரு தாண்டுவதற்குள் இருமி இருமி நின்றுவிட்டது, சனியன். நல்லவேளை, நின்ற இடத்துக்கு எதிரிலேயே ஒரு பட்டறை.

"சீக்கிரம் பாருங்கண்ணே. ரொம்ப அவசரம்."

"பழைய வண்டிகிட்ட அவசரம் செல்லாது சார்." மெக்கானிக் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "ஏம்மா, முனை வீட்டுக்குப் போய் என் சின்ன ஸ்பேனரை வாங்கிட்டு வா."

அந்த அம்மாள் காரை ஒரு பார்வை பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போனாள்.

மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றித் துணியில் வைத்தார். "வண்டி எப்ப வாங்கினீங்க?"

"இன்னைக்குக் காலையிலதான். தனியா இருக்கற பெரியவர். இனிமே ஓட்ட முடியாதுன்னு அவரே கொடுத்துட்டாரு."

"மனசாரக் கொடுத்தாரா?"

"சாவியை என் கையில வெச்சு, பத்திரமா போயிட்டு வாங்கன்னு அனுப்பினாரு."

"இதைச் செய், அதைச் செய்யாதேன்னு எதுவும் சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லல. எந்தத் தொந்தரவும் தராதுன்னாரு."

மெக்கானிக்கின் கை ஒரு கணம் நின்றது. பிறகு இன்னும் நிதானமாக ஒவ்வொரு திருகாணியாகக் கழற்ற ஆரம்பித்தார். கார்க்காரனுக்குப் பொறுமை போய்விட்டது.

"பெட்ரோலே வராதப்போ கார்புரேட்டரை ஏன் இப்படிப் பிரிச்சுப் போடறீங்க? நான் எப்பப் போறது?"

மெக்கானிக் அடுத்த திருகாணியில் கையை வைத்தார்.

போனவள் ஓடி வந்தாள். கையில் ஸ்பேனர் இல்லை, காலில் செருப்பும் இல்லை. கணவரைப் பார்த்து இல்லை என்பதாகத் தலையாட்டிவிட்டு, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் தெருவே திரண்டு வந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் கண்ணை மூடித் திறந்தார். டிரைவர் சீட்டுக்கு அடியில் கைவிட்டு எதையோ திருப்பினார்.

"பெட்ரோல் இங்கதான் நிக்குது. யாரும் எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு நான்தான் பெட்ரோலை அடைக்கற இந்த டேப்பை மறைச்சு வெச்சுக் கொடுத்தேன்" என்றார். "வண்டியை மனசாரக் கொடுத்திருந்தா, எங்கண்ணன் மொதல்ல இதைத்தான்டா உனக்குக் காட்டியிருப்பாரு!"