வியாழக்கிழமை நிற்கும் பம்பு

"கப்பலைப் போகச் சொல்லும். நான் ஏறமாட்டன்!"

ஓடைக்கரையில் குந்தியிருந்த நல்லதம்பி, தான் பூட்டிய பம்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். அறுபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் தண்ணீர்க்குழாய் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். சபை ஊழியத்துக்காக மனைவி நேசத்தோடு கடல் தாண்டிக் கொடைக்கானல் வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

மதுரை அலுவலகத்திலிருந்து வந்திருந்த காரியதரிசி அருமைநாயகத்துக்கு மூச்சு வாங்கியது. பூண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கூக்கால் பக்கத்துச் சிற்றூருக்கு மலைப்பாதையில் நடந்து அவருக்குப் பழக்கமில்லை.

"ஐயா, நான் போட்ட உத்தரவா இது? கமிட்டி தீர்மானம். சனிக்கிழமை தனுஷ்கோடியில கப்பல். உங்க பம்பு வாரா வாரம் நிக்குது. நீங்க எழுதின அறிக்கையிலேயே இருக்கு. முப்பது வாரம், முப்பது தடவை!"

"நிக்குதுதான். ஆனா பிழை பம்பில இல்லை."

"பின்னே எதுல?"

"அதைத்தான் தேடுறன்."

அவருக்கும் நேசத்துக்கும் திங்கள், செவ்வாய் கொடைக்கானலில் பிரசங்கமும் தபாலும். புதன் பூண்டியில் பாட்டு வகுப்பு. வியாழக்கிழமை வெள்ளனே கிளம்பி இந்த ஊர். வந்ததும் நல்லதம்பி பம்பைப் பிரிப்பார். நேசம் ஒரு கல்லில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கண்மருந்து விடுவாள், புண் கழுவுவாள். மழை பெய்தாலும் குளிர்ந்தாலும் இது மாறியதில்லை.

"இஞ்ச பாரும்," என்றார் நல்லதம்பி. சண்டை பிடிக்கிறவருக்கும் விளக்கிச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. "இதுக்கு எண்ணெய் வேண்டாம், கரண்ட் வேண்டாம். மேல இருந்து தண்ணி இந்தக் குழாயால இறங்கி, திறந்து கிடக்கிற இந்த வால்வால வெளியில ஓடும். வேகம் கூடினதும் அந்தத் தண்ணியே வால்வைத் தூக்கி டக்கெண்டு அடைச்சுப்போடும். ஓடி வந்த தண்ணி சும்மா நிக்குமோ? உதைக்கும்! அந்த உதையில கொஞ்சம் இந்த இரும்புக் கூட்டுக்குள்ள ஏறும். உள்ள இருக்கிற காத்து அதை அமத்தி மேட்டில இருக்கிற ஊருக்குத் தள்ளும். பிறகு வால்வு தானா விழும். திரும்ப ஓட்டம், திரும்ப உதை. நிமிசத்துக்கு நாப்பது தரம். விளங்குதோ?"

"நல்லா விளங்குது. இப்ப ஏன் உதைக்கலை?"

நல்லதம்பி வால்வைப் பார்த்தார். இலை தழை இல்லை. மணல் இல்லை. ரப்பர் புதிது. உள்ளங்கையால் வால்வை நாலைந்து தரம் கீழே அழுத்தினார். டக்... டக்... டக். பம்பு ஒன்றுமே நடக்காதது போல ஓடத் தொடங்கியது.

"போன வாரமும் இப்படித்தானா?"

"ஓம்."

"அடுத்த வாரம்?"

பொய் சொல்ல அவருக்குத் தெரியாது. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

அருமைநாயகம் கரையில் நின்ற காளியாயியிடம் திரும்பினார். பூண்டு வயல் வேலைக்குப் போகிறவள். வியாழக்கிழமை தவறாமல் இங்கே நிற்பாள்.

"ஏம்மா, இது ஒழுங்கா ஓடுதா?"

"எங்கிட்டு ஓடுது? நேத்துப் பொழுதுக்கே நின்னுபோச்சு. யாழ்ப்பாணத்தய்யா வந்து தொட்டாத்தான் உசுரு வரும். அவரு இல்லேன்னா இது வெறும் இரும்புங்க!"

நல்லதம்பிக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. இவளுமா?

நேசம் மருந்துக் குப்பியை மூடிவிட்டு எழுந்து வந்தாள்.

"தம்பி, என்ர மனிசன்ர கணக்கு பிழைக்காது. அவர் அங்க போட்ட குழாய்களில இண்டைக்கும் தண்ணி வருது. உங்கட கமிட்டி ஒருக்கா வந்து இந்த மேட்டில குடம் சுமக்கட்டும். பிறகு தீர்மானம் போடட்டும்."

"அம்மா, நான் சண்டைக்கு வரலை. ஒரே ஒரு கையெழுத்து." தாளை நீட்டினார். "இயந்திரம் பயனற்றது. ஆகவே ஊழியர் இருவரும் திரும்ப அழைக்கப்படுகிறார்கள். அவ்வளவுதான்."

நல்லதம்பி எழுந்து நின்றார்.

"போலீசைக் கொண்டு வந்து தூக்கிக்கொண்டு போம். ஆனா 'பயனற்றது' எண்ட சொல்லுக்குக் கீழ நான் கையெழுத்து வைக்கமாட்டன்!"

"நானும்தான்," என்றாள் நேசம்.

காளியாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னய்யா எழுதியிருக்கு அதுல?"

"மெஷின் நிக்குதுல்ல, அதனால இவங்களை ஊருக்கு அனுப்பப் போறோம்."

"நிக்கிறதுனாலயா? ஓடுனா?"

"ஓடியிருந்தா இன்னும் நாலு ஊருக்குப் போட்டுக் கொடுங்கன்னு இவங்களை இங்கேயே வச்சிருப்போம்."

காளியாயி வெடுக்கென்று தாளைப் பிடுங்கி ஓடையில் விட்டாள்.

"அட கூறுகெட்ட ஆளுகளா, இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? ரோடு போட வந்தவரு ரோடு முடிஞ்ச மறுநா போனாரு, பாலம் கட்ட வந்தவரு பாலம் முடிஞ்ச அன்னைக்கே போனாரு. இவங்களாச்சும் சோலி முடியாம இங்கேயே கெடக்கட்டும்னுதான் புதங்கெழம பொழுது சாஞ்சா நானே எறங்கி வந்து, அந்த வால்வைத் தூக்கிப் பிடிச்சு நிறுத்திட்டுப் போறேன்!"