பக்கத்து நகல்

மதிய வெயில் திரைச்சீலையின் இடுக்கு வழியே கணினித் திரைமேல் கோடாய் விழுகிறது. கார்ட்டூன் படத்துக்கு வரைகிறவள் அவள்; ஒரே வீரனை நகலெடுத்து எதிரிப் படையின் வரிசையை நிரப்பியிருக்கிறாள். அடுத்த காட்சியில் கதாநாயகன் சிரித்துக்கொண்டே அத்தனை நகல்களையும் எரிக்க வேண்டும். அவசரத்தில் ஒருவனுடைய கருவிழிகள் மட்டும் சற்றே நகர்ந்துவிட, அவன் பக்கத்து நகலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அழிக்கும் பொத்தான்மேல் வைத்த விரல் அழுத்த மாட்டேன் என்கிறது. டீயோடு வந்த இயக்குநர் குனிகிறார். “இவன் என்ன, பயந்துட்டானா?” “கை தவறிடுச்சு சார். சரி பண்ணிடவா?” அவர் பார்த்துக்கொண்டே நிற்கிறார்; டீயில் ஆடை படிகிறது. “வேணாம்மா. பக்கத்துல இருக்கறவனும் இவனைத் திரும்பிப் பாக்கட்டும்.” “அப்புறம் எப்படி சார் எரிக்கிறது?” “அதான் எனக்கும் தெரியல,” என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.