பின்னால் வருகிறவன்

அந்தக் குட்டி எஸ்யூவியில் முன்சக்கரத்துக்கு வாய் அதிகம். நல்ல ரோட்டில் இன்ஜினின் பலமெல்லாம் அதற்குத்தான் போகும். பின்சக்கரம் சும்மா உருண்டு வரும்.

"இழுக்கிறது நான். ஊர்வலம் வர்றது நீ," என்று முன்சக்கரம் தினமும் குத்திக்காட்டும்.

"சரிண்ணே," என்று பின்சக்கரம் உருளும். வேறென்ன சொல்லும்?

ஒரு மழைநாளில் வண்டி ஏரிக்கரை மேட்டில் ஏறியது. பாதி மேட்டில் களிமண். முன்சக்கரம் வழுக்கி, நின்ற இடத்திலேயே சுற்றியது. வண்டி மெல்லப் பின்னால் சரிந்தது. பின்னால் ஏரி.

"டேய், தண்ணிக்குள்ள போறோம்டா! தள்ளுடா!"

"எனக்குப் பலம் வந்தாத்தானேண்ணே தள்ள?"

இரண்டுக்கும் நடுவில் இருந்து பலத்தைப் பங்கிடும் கிளட்ச் அப்போதுதான் பேசியது. "முன்னால இருக்கிறவன் வெட்டியாச் சுத்துறான்னு தெரிஞ்சாத்தான் நான் பலத்தைப் பின்னால அனுப்புவேன். இப்போ தெரிஞ்சுபோச்சு. இந்தா, வாங்கிக்க."

பாதிப் பலம் பின்னால் போனது. பின்சக்கரம் தரையை அழுத்திப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளியது. முன்சக்கரத்துக்கும் கெட்டித் தரை கிடைத்தது. இரண்டும் சேர்ந்து வண்டியை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தன.

மேலே தார் ரோடு. கிளட்ச் பிடியை விட்டது. பின்சக்கரம் பழையபடி சும்மா உருண்டது.

வண்டி இரண்டு மைல் ஓடியது. பிறகு முன்சக்கரம் மெதுவாகக் கேட்டது.

"டேய், இருக்கியா?"

"இருக்கேண்ணே."

"இல்ல, சத்தத்தையே காணோமேன்னு கேட்டேன்."